பத்துக்கு எத்தனை

ஜூன் 6, வெள்ளி

செவ்வாய்க்கிழமை அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என் மகன் குழந்தைவேலு, மருமகள் சாந்தாமணி, பேத்தி ரூபிகா, சாந்தாமணியின் அண்ணன் செல்லமுத்து, மூன்று டாக்டர்கள், கதவோரம் சீட்டு வாங்கி வைத்த நர்சு சுசீலா. டாக்டர்களில் ஒருவர் பெண். மூவரும் பெயர் சொல்லவில்லை, முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாளைக்கு யாராவது வந்து நான் அங்கே இல்லவே இல்லை என்றால் விடமாட்டேன்.

எழுதச் சொன்னது கவுன்சிலிங் கொடுக்கிற ஜெசிந்தா மேடம். வீட்டில் பகலெல்லாம் ரூபிகாவோடு இருப்பவர் யாரோ அவர் எழுத வேண்டுமாம். மகனும் மருமகளும் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். இருப்பது நான்தான். ஐந்தாவதோடு நிறுத்தின கை, எழுத்து கோணலாகத்தான் வரும். மேடம் பொறுத்துக்கொள்ளட்டும்.

ரூபிகாவுக்கு இருபத்து மூன்று வயது. ஆட்டிசம் என்று போன வருடம்தான் பெயர் சொன்னார்கள். கூடவே மனச்சோர்வு, பதற்றம். இத்தனை வருடம் நாங்கள் சொன்ன பெயர் பிடிவாதம், கூச்சம், திமிர். பி.காம் முதல் வகுப்பு. ஏற்றுமதி ஆபீசில் கணக்கு எழுதப் போனாள், இரண்டு தடவை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள், அனுப்பிவிட்டார்கள். பிறகு அரசுத் தேர்வு எழுதினாள். ஒரே ஹாலில் அத்தனை பேர், தலைக்கு மேல் கிறீச் கிறீச் என்று ஒரு ஃபேன். பாதித் தாளை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். பதில் எல்லாம் தெரியும். என்னிடம் ஒவ்வொன்றாக ஒப்பித்தாள்.

ஊனமுற்றோர் சான்றிதழில் நாற்பது சதவீதம் இருந்தால் தனி அறையும் கூடுதல் நேரமும் தருவார்கள். அதை வாங்கத்தான் போனோம்.

போன விதத்தைச் சொல்ல வேண்டும். காலையில் சாந்தாமணி அவளுக்குத் தலை சீவி, மல்லிகைச் சரம் வைத்து, கிளிப்பச்சைப் பட்டுச் சுடிதார் போட்டுவிட்டாள். பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் அப்படித்தான் அனுப்புவோம். வேறு மாதிரி தெரியாது. நானும், "பொட்டு வெக்கற எடத்தப் பாத்துப் பேசு சாமி" என்றேன். கண்ணைப் பார்த்துப் பேசமுடியாத பிள்ளைக்கு ஆறு வயதில் நான் சொல்லிக்கொடுத்த வித்தை அது. நெற்றியைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்குக் கண்ணைப் பார்ப்பது போலவே இருக்கும்.

"வெளிய தெருவ போறது கஷ்டமா இருக்காம்மா?" என்றார் பெண் டாக்டர்.

"பரவால்லீங்க."

"தூக்கம்?"

"பரவால்லீங்க மேடம். நீங்க சாப்டீங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். சாந்தாமணிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "எல்லா வேலையும் செய்வாளுங்க. காப்பி நல்லாப் போடுவா" என்றாள்.

முப்பது என்று எழுதிக்கொடுத்தார்கள்.

படியிறங்கும்போது ரூபிகா, "பாஸா, ஃபெயிலா அப்பத்தா?" என்று கேட்டாள்.

மறுபடி பார்க்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம். ஜூலை 8 வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

மேடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தினமும் சாயங்காலம் ரூபிகா தனக்குத்தானே மார்க் போட வேண்டும். குளிப்பது, பஸ், போன் பேசுவது, வெளியாட்கள், தூக்கம், கடைசியாக 'இருப்பது', அதாவது உயிரோடு இருப்பது. ஒவ்வொன்றும் எவ்வளவு கஷ்டம், பத்துக்கு எத்தனை. பக்கத்தில் நான் பார்த்ததை எழுத வேண்டும். அவளைத் திருத்தக் கூடாதாம்.

திருத்தாமல் இருப்பது எனக்குக் கஷ்டம். பத்துக்குப் பத்து.

ஜூன் 9, திங்கள்

அவள் போட்டது: குளிப்பது 1, பஸ் 2, போன் 2, வெளியாட்கள் 2, தூக்கம் 1, இருப்பது 4.

நான் பார்த்தது: மாத்திரை வாங்கப் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்குள் போய், ஈரத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். நான் சோறு வடித்து, குழம்பு கூட்டி, துணியை மடித்து வைத்த பிறகும் எழவில்லை. எழுந்து வந்தபோது கையெல்லாம் அவள் நகமே கீறின கோடு.

"இதுக்கு எப்பிடிச் சாமி ரெண்டு போட்டே?"

"வழில கத்தல. யாரையும் தள்ளல. ஊடு வந்து சேந்துட்டேன். ரெண்டு."

"தூக்கம் ஒண்ணா? ராத்திரியெல்லாம் கட்டில் கிறீச்சுங்குது."

"அது எப்பவும் அப்பிடித்தானுங்களே. எப்பவும் இருக்கறதுக்கு எதுக்கு மார்க்?"

பிறகு என்னைக் கேட்டாள். "உங்களுக்குச் சொல்லுங்க. கல்யாண மண்டபம், பத்துக்கு எத்தனை?"

"சைபர்" என்றேன்.

"அப்பறம் ஏன் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் செருப்பு விடற எடத்துலயே உக்காந்துக்கறீங்க?"

"காத்து வரும்."

சிரித்தாள். இந்த மாதம் முதல் சிரிப்பு.

ஜூன் 11, புதன்

கீழ் வீட்டில் பனியன் தைக்கிற ஓவர்லாக் மெஷின் காலையிலிருந்து நிற்கவில்லை. மிக்சி போடாமல் அம்மியில் அரைத்தேன். எனக்கும் மிக்சிச் சத்தம் ஆகாது. பல் வரைக்கும் கூசும். அது வயசுக் கோளாறு. இருபது வயதிலேயே வந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

இன்றும் எல்லாம் ஒன்று, இரண்டு. 'இருப்பது' மட்டும் 5. பொறுக்க முடியாமல் கேட்டேன். மேடம் திருத்தாதே என்றுதான் சொன்னார், கேட்காதே என்று சொல்லவில்லை.

"உன்ற கணக்குல பத்துன்னா என்ன? எத வெச்சு அளக்கறே?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள். "ஈஸ்வரமூர்த்தி சித்தப்பா."

என் சின்ன மகன். இவள் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால் போய்விட்டான். காய்ச்சலில் போனான். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நான் சொன்னதைத்தான் அவர்கள் சொல்வார்கள்.

"அவருதான் பத்து. நான் அங்க போகல இல்ல? அதான் எனக்கு எல்லாமே கம்மி கம்மியா வருது."

"அவனுக்குக் காய்ச்சல்."

"சரிங்கப்பத்தா."

பீர்க்கங்காய்ப் பொரியல் அடிப்பிடித்துவிட்டது. மேடம், அடுப்பு சரியில்லை.

ஜூன் 14, சனி

நாளை செல்லமுத்து மகளுக்கு ரிசப்ஷன், திங்கள் முகூர்த்தம். ரூபிகா வரமாட்டேன் என்றாள். சாந்தாமணி அழுதாள். செல்லமுத்தே காரில் வந்து வாசலில் நின்றுகொண்டான்.

"மாமன் ஊட்டுக் கல்யாணத்துக்கே வரலீன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? புள்ளைக்குக் கிறுக்குன்னுதான் பேசுவாங்க. அந்தப் பேர மாத்தத்தான கூப்படறேன்?"

இவனை எனக்கு முன்பே தெரியும். ரூபிகாவுக்குக் காது குத்தும்போது மாமன் என்று இவன் மடியில்தான் உட்கார வைத்தோம். ஊசிக்கு அவள் அழவில்லை. நாயனத்துக்கு அழுதாள். காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டாள். "ஊசி வலிக்கலியாமா, பீப்பி வலிக்குதாமா" என்று பந்தி முழுக்கச் சொல்லிச் சிரித்தான். பழுப்புச் சட்டை போட்டிருந்தான். இரண்டாவது பந்தி. அவிச்சுப் போட்டிருந்தது சேனைக்கிழங்கு.

ரூபிகா போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அம்மா அழுவதைவிட மேளம் தேவலையாம்.

ஜூன் 16, திங்கள்

போய் வந்தோம். நேற்று செண்டை மேளம், அதற்குமேல் பாட்டுக் கச்சேரி. இன்று சீர்த்தட்டு வரிசையில் பழத்தட்டு அவள் கையில். இரண்டு நாளும் எல்லாருடைய நெற்றியையும் பார்த்து, "வாங்க, சாப்டீங்களா" என்றாள். போட்டோவில் எல்லாம் சிரித்தாள்.

"பாத்தீங்களா? இவளுக்கா முப்பது? சைபர் போடச் சொல்லோணும்" என்றான் செல்லமுத்து. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குழந்தைவேலுவும் சிரித்தான். அவனைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டான்.

இன்று மார்க் போடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பேசவில்லை. சாப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 18, புதன்

மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். "ரெண்டு நாளு ஆட்டம், அசதியா இருக்கும்" என்று சாந்தாமணி சொல்லிவிட்டுப் போனாள். நான் அவள் அறை வாசலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். தயிர்சோறு வைத்தேன், எடுக்கவில்லை. பிசைந்தது பிடிக்காதே என்று, தயிர் தனி, சோறு தனி, ஒன்றையொன்று தொடாமல் வைத்தேன். எடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு, "பேச வேண்டாம் சாமி. மார்க்கு மட்டும் காட்டு" என்றேன்.

பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. கை மட்டும் வெளியே வந்தது. ஐந்து விரல். மடக்கி, மறுபடி மூன்று விரல்.

"எட்டா? பஸ்ஸுக்கா?"

விரல் அசைந்தது. இல்லை.

"தூக்கத்துக்கா?"

இல்லை.

மிச்சம் ஒன்றுதான். அதையும் கேட்டேன். "இருக்கறதுக்கா சாமி?"

கை அப்படியே நின்றது.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். தொட்டால் ஆகாதவள்தான். இழுக்கவில்லை. மற்றக் கையால் ஜெசிந்தா மேடத்துக்குப் போன் போட்டேன். எனக்குப் போன் பேசப் பிடிக்காது. யார் போட்டாலும் அடித்து ஓயட்டும் என்று விடுகிறவள் நான். இன்று போட்டேன். மேடம் மூன்றாவது மணியில் எடுத்தார். "கைய விடாதீங்கம்மா, பேசிட்டே இருங்க, நான் வர்றேன்" என்றார்.

பேசுவதற்கு என்ன இருக்கிறது? செல்லமுத்து காது குத்தில் என்ன சட்டை போட்டிருந்தான் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். எனக்குத் தீங்கு செய்தவர்கள் எல்லாரையும் வருடவாரியாகச் சொன்னேன். 1987 வரைக்கும் வந்திருந்தேன், மேடம் வந்துவிட்டார். பின்னாலேயே குழந்தைவேலு, கம்பெனிச் சட்டையோடு.

ஜூன் 21, சனி

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். இன்று வீட்டுக்கு வந்தோம். வந்ததும் கேட்டாள்: "அப்பத்தா, 1987ல யாரு?"

உங்க தாத்தா என்றேன். தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஜூன் 25, புதன்

செல்லமுத்து ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தான். ஹாலில் உட்கார்ந்து யோசனை சொன்னான். "எட்டாந்தேதி டாக்டருக முன்னால கொஞ்சம் நடிச்சாத்தான் சாமி கெடைக்கும். எதுக்கும் பதில் சொல்லாத. தலைய இப்பிடி இப்பிடி ஆட்டு."

ரூபிகா அவனுடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள். "நான் பொறந்ததுல இருந்து நடிச்சுட்டுத்தான் இருக்கறேன் மாமா. அன்னைக்கு ஒரு நாளு நடிக்காம இருக்கலாம்னு பாக்கறேன்."

சாந்தாமணி அவனுக்குக் காப்பி கொண்டுவர உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்பைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருக்கிறாள். அடுப்புப் பற்றவைக்கவே இல்லை. நான் பற்றவைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

மார்க் மறுபடி ஒன்று, இரண்டு. ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள், பஸ்ஸுக்கு இரண்டு போடுகிறாள். இதையே எட்டாம் தேதி சொன்னால் மறுபடி முப்பதுதான். மறுபடி அந்த ஹால், அந்த ஃபேன். அதற்கப்புறம் அன்று விரலில் காட்டின எட்டு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

குழந்தைவேலுவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஈசுவப் பத்தி இவளுக்கு யாரு சொன்னது?"

"நாந்தாம்மா. அவ சித்தப்பா மாதிரியே இருக்கறாளேன்னு… ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும்ல எனக்கு."

"எங்கிட்டச் சொல்றது."

"உங்ககிட்டயா?" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு போனான். இதையும் நான் மறக்கமாட்டேன்.

மத்தியானம் ரூபிகாவிடம் போனேன். தரையில் படுத்திருந்தாள். நானும் பக்கத்தில் படுத்தேன். தரை குளுகுளு என்றிருந்தது, நன்றாகத்தான் இருக்கிறது.

"உன்ற கணக்குத் தப்பு" என்றேன்.

"எப்பிடிங்க?"

"செத்தவனக் கொண்டுபோய்ப் பத்துல வெச்சுட்டா உசுரோட இருக்கறவங்க யாருக்கும் மார்க்கே வராது. பாஸ் பண்ணோணும்னா சாகோணும். அது என்ன பரிச்சை? அவன எடுத்துரு."

மேலே பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"அப்ப அவருக்குக் காய்ச்சல் இல்லைங்களா அப்பத்தா?"

"நாஞ் சொன்னது கேட்டுச்சில்ல? அவன எடுத்துரு. உன்ற பத்து உனக்குள்ள எங்கியோ இருக்கும். அதத் தேடி அங்கிருந்து அள."

சாயங்காலம் வெகுநேரம் யோசித்து மார்க் போட்டாள். குளிப்பது 5. பஸ் 7. போன் 8. வெளியாட்கள் 9. தூக்கம் 7. இருப்பது 6.

போட்டதைத் திரும்பப் பார்த்து, "இத்தன நாளு இவ்வளவையா தூக்கிட்டு நடந்தேன்?" என்று கேட்டாள். யாரோ ஒருத்தியைப் பார்த்து ஆச்சரியப்படுகிற மாதிரி கேட்டாள்.

ஜூலை 7, திங்கள்

சாந்தாமணி பட்டுச் சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பழக்கம். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே மடித்து பீரோவில் வைத்துவிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

வந்தவர்கள் நாங்கள் நாலு பேர், கூட ஜெசிந்தா மேடம். செல்லமுத்துவைக் கூப்பிடவில்லை.

ரூபிகா வீட்டில் போடுகிற தொளதொளத்த பனியன், பேன்ட், காதில் சத்தம் மறைக்கிற பெரிய ஹெட்போன். பூ இல்லை. அதே மூன்று டாக்டர்கள். அவள் யார் நெற்றியையும் பார்க்கவில்லை, மேசையின் விளிம்பைப் பார்த்தாள். பாரு பாரு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பெண் டாக்டர் கேட்டார், "எப்படிம்மா இருக்கீங்க?"

கடிகாரச் சத்தம் கேட்டது. சாந்தாமணி, "அவ நல்லா…" என்று ஆரம்பித்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"நேரம் குடுங்க" என்றாள் ரூபிகா. "அவசரமாக் கேட்டா பரவால்லைன்னு வந்துரும். அது தானா வர்றது."

கொடுத்தார்கள். மூவரில் கண்ணாடி போட்ட டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பஸ் ஏழுங்க. ஏறும்போது எல்லாச் சத்தமும் ஒரே அளவுல கேக்கும். டிரைவர், பிரேக்கு, பக்கத்துல ஒருத்தர் மிக்சர் திங்கறது. எதையும் கொறைக்க முடியாது. எறங்குனதுக்கப்பறம் அன்னைக்கு முழுக்க நான் எதுக்கும் ஆக மாட்டேன். போன மாசம் வந்தப்ப நல்லாப் பேசுனேன். ஊட்டுக்குப் போயி நாலு நாளு பேச்சே வரல. அத நீங்க பாக்கல. இருக்கறது ஆறுங்க. ஆறுன்னா, காலைல எந்திரிக்கறதுக்கு முன்னால எதுக்குன்னு கேட்டுட்டு, பதில் கெடைக்காமயே எந்திரிக்கறது."

பிறகு அந்தப் பெண் டாக்டர் எங்களைப் பார்த்துக் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சுங்களா?"

சாந்தாமணி என் மகனைப் பார்த்தாள். மகன் தரையைப் பார்த்தான். இருபத்தாறு வருடமாக நான் அந்த வீட்டில் வைத்திருந்த பதில் ஒன்றுதான். ரூபிகா மேசை விளிம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் தன் கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன்.

"என்ற சின்னப் பையனுங்க" என்றேன். "இருபத்தி மூணு வயசு. இவ மாதிரியேதான். சோத்துல கொழம்பு தொடக் கூடாது. கண்ணப் பாக்க மாட்டான், நெத்தியப் பாக்கறதுக்கு நாந்தான் பழக்குனேன். நல்லாப் பழகிட்டான். மில்லுல எல்லாருக்கும் அவனப் புடிக்கும். அன்னைக்குக் காலைல, என்னடா ஒரு மாதிரியா இருக்கறேன்னு கேட்டேனுங்க. பரவால்லீம்மா, நீ சாப்டியான்னான்."

"அப்புறம்?"

"காய்ச்சல்னு சொல்லிட்டோமுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. குழந்தைவேலு எழுந்து வெளியே போய்விட்டான். வராந்தாவில் போய்ப் பார்த்தேன், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். ஐம்பத்து மூன்று வயது ஆண். முதுகைத் தடவிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

இருவரும் பகல் முழுக்கத் தரையில் படுத்திருந்தோம்.

ஜூலை 17, வியாழன்

நாற்பத்தைந்து சதவீதம் என்று வந்துவிட்டது. தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. தனி அறை தருவார்கள்.

"சந்தோசப்படணுமாங்கப்பத்தா?" என்று ரூபிகா கேட்டாள். பாதி ஊனம் என்று எழுதின காகிதத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சந்தோஷப்படுவது என்று எனக்கும் தெரியவில்லை. சாந்தாமணி மட்டும் கேசரி கிண்டினாள். நெய் ஜாஸ்தி. இன்றைக்கு 'இருப்பது' 6தான். குறையவில்லை. ஆனால் தானாகவே வந்து சொன்னாள், நான் கேட்கவில்லை.

ஜெசிந்தா மேடம் இதை நாளை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். படிக்கும்போது என்னைக் கோபக்காரி என்று நினைப்பார். நினைக்கட்டும். முப்பது போட்ட டாக்டர்களை விட்டுவிட்டேன், இரண்டாம் தடவை பேனாவைக் கீழே வைத்தார்கள். சாந்தாமணியை விட்டுவிட்டேன். குழந்தைவேலு "உங்ககிட்டயா" என்று கேட்டதைக்கூட விட்டாயிற்று. செல்லமுத்து இன்னும் இரண்டு தடவை ஆரஞ்சு வாங்கி வந்தால் அவனையும் பார்க்கலாம்.

ஒருத்தனை மட்டும் முடியாது. இவள் கதவுச் சந்தில் கையை நீட்டி எட்டு என்று காட்டினாள். பேச முடியாதவள் காட்டினாள். அவனுக்கும் கை இருந்தது. அடுத்த அறையில்தான் நான் இருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன், ஒரு வேலையும் இல்லை, கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். என்னிடம் காட்டவில்லை. காட்டினால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். அதை முடிவு செய்ய அவன் யார்? என் வயிற்றில் பிறந்தவன்தான், இருபத்து மூன்று வருடம் தனித்தனியாகச் சோறும் குழம்பும் வைத்தேன். இருந்தாலும் மன்னிக்க மாட்டேன்.

ஈஸ்வரமூர்த்தியை.